புறம்போக்கில் கை வைத்தவர்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், "நிலத்தைத் தொட்ட அரசியல்வாதிக்குத் தூக்கம் கிடையாது, சந்தேகம் இருந்தால் ரோம் நகரத்து டைபீரியஸ் கிராக்கஸைக் கேளுங்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கி.மு. 133-இல், பெரும்புள்ளிகள் வளைத்துப் போட்ட அரசு நிலத்தை ஏழைகளுக்குப் பங்கிடச் சட்டம் போட்டு, அதனாலேயே கொல்லப்பட்டவர் அவர். "யார் சார் அந்த ஆள்?" என்று கேட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. ஆசிரியரும், "இந்த இதழ் முழுக்க அவருக்கே ஒதுக்கிவிடுங்கள்" என்றார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் நிலத் தகராறைப் பற்றிக் கேட்டால் பதில் நீளத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி, திண்டுக்கல்: டைபீரியஸ் கிராக்கஸ் ஏழைக் குடும்பத்தில் பிறந்து பணக்காரர்களை எதிர்த்தவரா?

ஏழையா! அவருடைய அப்பா இரண்டு தடவை கான்சல். ஆண்டுக்கு இரண்டே பேர் வகிக்கும் உச்சப் பதவி அது. அம்மா கொர்னேலியா, கார்த்தேஜ் தளபதி ஹானிபாலைத் தோற்கடித்த சிப்பியோ ஆப்பிரிக்கானஸின் மகள். மாமனார் அப்பியஸ் கிளாடியஸோ செனட் என்ற பெரியவர்கள் சபையின் பட்டியலில் முதல் பெயராக இருந்தவர். அந்தச் சம்பந்தம் முடிந்த கதையே வேடிக்கையானது. ஒரு விருந்தில் அப்பியஸ் தானே பேச்சை எடுத்து மாப்பிள்ளையை உறுதி செய்துவிட்டார். வீட்டு வாசலில் நுழையும்போதே, "அந்திஸ்தியா! நம் கிளாடியாவுக்கு இடம் முடித்துவிட்டேன்" என்று மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார். அந்த அம்மாள், "அப்படி என்ன அவசரம்? டைபீரியஸ் கிராக்கஸ் கிடைத்தாலாவது சரி" என்றாராம். பெண் வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் கண் வைத்திருந்த பையன் அவர்.

உறவுமுறையைக் கொஞ்சம் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். ரோமின் எதிரி நகரமான கார்த்தேஜை கி.மு. 146-இல் தரைமட்டமாக்கிய சிப்பியோ எமிலியானஸ், கொர்னேலியாவின் சகோதரர் தத்தெடுத்த பிள்ளை. அவர் கட்டிய பெண் டைபீரியஸின் சகோதரி செம்ப்ரோனியா. நம் கணக்கில் தாய்மாமன் மகன், அத்தை மகளையே கட்டியிருக்கிறார். டைபீரியஸுக்கு இரண்டு வகையிலும் மச்சான். சிப்பியோ நாசிகா என்று இன்னொருவர். கொர்னேலியாவின் அக்கா மகன், அதாவது டைபீரியஸுக்குப் பெரியம்மா பிள்ளை. கடைசியில் ஆள் திரட்டி வந்து அவர் கதையை முடித்தது இந்த அண்ணன்தான்.

"ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடந்த போராட்டம்" என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது தப்பில்லை. ஆனால் அதற்குள்ளேயே ஒரு பங்காளிச் சண்டையும் ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர், தென்காசி: ரோமிலும் புறம்போக்கு, ஆக்கிரமிப்பு எல்லாம் இருந்ததா?

ஐயா, நாம் இரண்டு பேரும் ஒரே துறை. இதைக் கேட்க உங்களைப்போல் ஓர் ஆள் வரமாட்டாரா என்று காத்திருந்தேன்.

ரோம் இத்தாலியில் ஒவ்வோர் ஊராகப் பிடிக்கும்போது, தோற்றவர்களின் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். அதில் கொஞ்சம் குடியேற்றங்களுக்குப் போகும், கொஞ்சம் விற்பனைக்கோ குத்தகைக்கோ போகும். மிச்சம் கிடக்கும் தரிசை, "இஷ்டப்பட்டவர்கள் உழுதுகொள்ளுங்கள், தானியத்தில் பத்தில் ஒரு பங்கு, மரப்பயிரில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்குக் கொடுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். நிலம் அரசுடையது, அனுபவம் தனியாரிடம். மாடும் அடிமையும் யாரிடம் அதிகமோ அவர்கள் வளைத்துப் போட்டார்கள். பக்கத்துச் சிறு விவசாயியின் சொந்த நிலத்தையும் விலை பேசியோ மிரட்டியோ சேர்த்துக்கொண்டார்கள்.

உச்சவரம்பு இல்லாமல் இல்லை. ஒருவர் 500 யூகேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு பழைய சட்டம். ஒரு யூகேரம் என்பது ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் உழுகிற பரப்பு. 240 அடிக்கு 120 அடி, அவர்கள் அடியில். நம் கணக்கில் ஏறக்குறைய 62 சென்ட். அப்படியானால் 500 என்பது சுமார் 310 ஏக்கர். கி.மு. 367-இல் இதைக் கொண்டுவந்ததாக மரபு சொல்லும் லிசினியஸ் ஸ்டோலோ என்பவரே, பத்து வருஷம் கழித்து இதே சட்டத்தில் மாட்டினார். 1000 யூகேரம் வைத்திருந்தார், பாதி மகன் பெயரில். அதற்காகவே மகனைச் சட்டப்படி தனிக் குடும்பமாகப் பிரித்துக் காட்டியிருந்தார். 10,000 ஆஸ் (செப்புக் காசு) அபராதம். பினாமி எழுதுவதில் சட்டம் போட்டவரே முந்திக்கொண்டார்.

கி.மு. 133-இல் டைபீரியஸ் கொண்டுவந்த சட்டம் இதுதான்: 500 யூகேரம் வரை நீயே வைத்துக்கொள், யாரும் கேட்கமாட்டார்கள். மகன் இருந்தால் தலைக்கு 250 கூடுதல். அதற்கு மேல் இருப்பதை அரசு எடுத்து, நிலமில்லாக் குடிமக்களுக்குச் சிறு சிறு துண்டுகளாகக் கொடுக்கும். வாங்கியவர் சிறு தொகை வாடகை கட்டவேண்டும், விற்கக் கூடாது. விற்கக் கூடாது என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். இல்லாவிட்டால் இரண்டே போகத்தில் நிலம் பழைய கைக்கே திரும்பிவிடும். நமக்குத் தெரியாததா!

பணக்காரர்கள் என்ன சொல்லி அழுதார்கள் என்பதை அப்பியன் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். "இந்த நிலத்தில் எங்கள் முன்னோர் சமாதி இருக்கிறது. திராட்சைத் தோட்டம் போட்டிருக்கிறோம், வீடு கட்டியிருக்கிறோம். பக்கத்துக்காரனுக்குக் காசு கொடுத்து வாங்கிய நிலம், அதையும் சேர்த்துப் பிடுங்குவீர்களா? பாகப்பிரிவினையில் வந்தது. பெண்ணுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டோம்." இதற்கு நடுவே வட்டிக்காரர்கள் வந்து, "இந்த நிலத்தின் மேல் நாங்கள் கடன் கொடுத்திருக்கிறோம்" என்று பத்திரத்தை நீட்டினார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஆக்கிரமிப்பு அளக்கப் போனால் முதலில் காட்டுவது சமாதி, அப்புறம் தென்னை மரம், அப்புறம் மகள் கல்யாணம். ஊர் பெயர் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தப் புகார் எல்லாமே பொய்யும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அரசு வாயை மூடிக்கொண்டிருந்தால், புறம்போக்கை நல்ல விலை கொடுத்து வாங்கிய அப்பாவியும் அதில் இருப்பான். டைபீரியஸ் இவர்களுக்கு முதலில் நஷ்டஈடு தருவதாகத்தான் சொன்னார் என்கிறார் இன்னொரு கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். எதிர்ப்பு முற்றியதும் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார். கோபத்தில் செய்த காரியம்.

பள்ளி ஆசிரியை, விழுப்புரம்: இவ்வளவு வசதியான வீட்டுப் பிள்ளைக்கு நிலமில்லாதவர்கள் மேல் அக்கறை எப்படி வந்தது?

கி.மு. 137-இல் அவர் குவெஸ்டர், அதாவது படையின் கணக்கதிகாரி. ஸ்பெயினில் நுமான்ஷியா என்ற ஊரை எதிர்த்து நடந்த போருக்குப் போகும் வழியில், ரோமுக்கு வடக்கே இருந்த எத்ரூரியா பகுதியைக் கடந்தார். வழிநெடுக உழுபவனும் மேய்ப்பவனும் வெளிநாட்டு அடிமைகளாகவே இருந்ததைப் பார்த்தார், உள்ளூர்ச் சம்சாரியைக் காணோம் என்று அவருடைய தம்பி பின்னாளில் எழுதினார். இதில் இரக்கம் மட்டும் இல்லை. ரோமில் கொஞ்சமாவது சொத்து இருப்பவனைத்தான் படையில் எடுப்பார்கள். நிலம் போனால் சிப்பாயும் போச்சு. போதாக்குறைக்கு சிசிலியில் கி.மு. 135-இலிருந்து அடிமைகளின் பெரிய கலகம் நடந்துகொண்டிருந்தது. பண்ணை முழுக்க அடிமைகளை நிரப்பினால் என்ன ஆகும் என்று காட்ட வேறு உதாரணம் வேண்டியிருக்கவில்லை.

நுமான்ஷியாவில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். மன்சினஸ் என்ற கான்சலின் படை வசமாகச் சிக்கிக்கொண்டது. எதிரிகள், "டைபீரியஸ் வந்தால் பேசுவோம்" என்றார்கள். அவருடைய அப்பா ஸ்பெயினில் நேர்மையாக நடந்துகொண்ட பெயர் அது. அவர் உடன்படிக்கை செய்து, இருபதாயிரம் ரோமக் குடிமக்களை உயிரோடு மீட்டார். முகாமில் விட்டுவந்த பொருள் எல்லாம் எதிரிகளுக்குக் கொள்ளை. அதில் அவருடைய கணக்குப் புத்தகங்களும் போய்விட்டன. படை கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்த பிறகு, மூன்று நான்கு நண்பர்களை மட்டும் கூட்டிக்கொண்டு எதிரியின் ஊருக்கே திரும்பிப் போனார். "கணக்கு இல்லாமல் ஊர் போனால் என் எதிரிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள், புத்தகங்களைக் கொடுங்கள்" என்று கேட்டார். அவர்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டு, புத்தகங்களைக் கொடுத்து, "வேறு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். பொதுப் பூசைக்கு வைத்திருந்த குங்கிலியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

தணிக்கைக்குப் பயந்து எதிரியின் கோட்டைக்குள் போன ஒரே அதிகாரி இவராகத்தான் இருப்பார்.

ஆனால் செனட் என்ன செய்தது? அந்த உடன்படிக்கை செல்லாது என்றது. மன்சினஸைத் துணியை உருவி, கையைக் கட்டி, நுமான்ஷியாவின் வாசலில் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். "எங்களுக்கு வேண்டாம்" என்று அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டைபீரியஸின் தலை தப்பியது, அவர் கொடுத்த வாக்கு பிழைக்கவில்லை. அந்த அவமானம்தான் அவரைச் செனட்டுக்கு எதிராகத் திருப்பியது என்பது பிற்கால ரோமப் பேச்சாளர் சிசரோவின் வாதம். இருக்கலாம். எத்ரூரியாவும் நுமான்ஷியாவும் ஒரே பயணத்தில் நடந்தவை. எது எத்தனை பங்கு என்று அவரே பிரித்துச் சொல்லியிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

மேடையில் பேசும்போது, "இத்தாலியில் காட்டு விலங்குக்குக்கூடப் படுக்கக் குகை உண்டு. இத்தாலிக்காகச் சாகிறவனுக்குக் காற்றும் வெளிச்சமும்தான் சொந்தம். உலகத்தின் எஜமானர்கள் என்கிறார்கள், ஒரு பிடி மண் அவர்களுக்கு இல்லை" என்கிற பொருளில் பேசினார். கேட்ட கூட்டம் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வழக்கறிஞர், சேலம்: சட்டத்தைத் தடுத்த சக டிரிபியூனை ஓட்டெடுப்பு வைத்து நீக்கியது செல்லுமா?

டிரிபியூன் என்றால் சாமானிய மக்களின் காவலர். மொத்தம் பத்துப் பேர். அவர் மேல் கை வைப்பது தெய்வக் குற்றம். ராத்திரி பகல் எந்நேரமும் அவர் வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். பத்துப் பேரில் ஒருவர் "கூடாது" என்றாலும் எந்தத் தீர்மானமும் அங்கேயே நின்றுவிடும். செனட்டை மீறி ஏழையைக் காப்பாற்றவே இந்த வீட்டோ. அந்த ஆயுதத்தை மார்கஸ் ஆக்டேவியஸ் என்ற டிரிபியூன் பணக்காரர்களுக்காக எடுத்தார்.

ஆக்டேவியஸ் டைபீரியஸின் நண்பர். அவரிடமே வரம்புக்கு மேல் நிலம் இருந்தது. "உனக்கு வரும் நஷ்டத்தை என் கைக்காசிலிருந்து தருகிறேன்" என்று டைபீரியஸ் சபையிலேயே சொன்னார். பலனில்லை. பதிலுக்கு இவர் கருவூலம் இருந்த சாட்டர்ன் கோயிலுக்குத் தம் முத்திரையை வைத்து, அரசு வேலை மொத்தத்தையும் முடக்கினார். அதுவும் பலிக்கவில்லை. கடைசியில், "மக்களின் நன்மையைத் தடுப்பவன் மக்களின் டிரிபியூனாக இருக்கலாமா?" என்று ஓட்டெடுப்பு. மொத்தம் 35 தொகுதிகள், அவர்கள் பாஷையில் டிரைப். பெரும்பான்மைக்கு 18.

17 தொகுதிகள் நீக்கச் சொல்லி ஓட்டுப் போட்டாயிற்று. டைபீரியஸ் ஓட்டெடுப்பை நிறுத்தினார். எல்லோரும் பார்க்க ஆக்டேவியஸைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டு, "உனக்கு இந்த அவமானம் வேண்டாம், எனக்கும் இந்தப் பழி வேண்டாம்" என்று கெஞ்சினார். ஆக்டேவியஸின் கண்ணில் தண்ணீர். வெகுநேரம் பேசாமல் நின்றார். அப்புறம் திரும்பிப் பார்த்தார், பணக்காரர்கள் கும்பலாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உன் இஷ்டப்படி செய்" என்றார். பதினெட்டாவது ஓட்டும் விழுந்தது. மேடையிலிருந்து அவரை இழுத்து இறக்கினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் எஜமானுக்குக் குறுக்கே நின்ற அவருடைய வேலையாள் ஒருவனுக்குக் கண் போயிற்று. பெரிய மனிதர்கள் சண்டையில் முதலில் ரத்தம் சிந்தியது ஒரு வேலைக்காரன்தான்.

செல்லுமா என்றால், "செல்லும்" என்று டைபீரியஸ் வைத்த வாதம் பலமானது. வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிகள் எவ்வளவு புனிதமானவர்கள்! விரதம் தவறினால் அவர்களையே உயிரோடு புதைக்கவில்லையா? மன்னன் டார்குவினையே துரத்தவில்லையா? புனிதம் பதவிக்குத்தான், அதற்குத் துரோகம் செய்பவனுக்கு இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டைட்டஸ் அன்னியஸ் என்ற கிழட்டுச் செனட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ என்னை அவமானப்படுத்த வருகிறாய், நான் உன் சகா ஒருவரிடம் அடைக்கலம் கேட்கிறேன். அவர் எனக்காக வந்தால் அவரையும் நீக்கிவிடுவாயா?" ரோமின் பெரிய பேச்சாளர்களில் ஒருவர் வாயடைத்து நின்றார்.

நில சட்டத்துக்கு நான் இரண்டு கையையும் தூக்குவேன். இந்த நீக்கத்துக்குத் தூக்கமாட்டேன். அடுத்த வருஷம் இதே வழியில் இன்னொருவன் வந்து ஏழைகளின் டிரிபியூனை நீக்கினால் அப்போது யாரிடம் போவது?

வாசகர், சென்னை: நிலம் பங்கிட செனட் பணம் ஒதுக்கியதா?

நிலம் பங்கிடும் கமிஷனருக்கு, கிரேக்கக் காசுக் கணக்கில் நாளுக்கு ஒன்பது ஓபல் படி. அதாவது ஒன்றரை திராக்மா. வேலைக்குப் போகும் கமிஷனருக்கு அரசு செலவில் ஒரு கூடாரம் கொடுப்பது வழக்கம், அதையும் கொடுக்கவில்லை. இந்தக் கஞ்சத்தனமான தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பெரியம்மா பிள்ளை நாசிகா. அவர் கையிலும் அரசு நிலம் ஏராளம்.

அந்தச் சமயம் பார்த்து, ஆசியாவில் பெர்கமம் நாட்டு அரசர் மூன்றாம் அட்டலஸ் செத்துப்போனார், ராஜ்யத்தையே ரோம மக்களுக்கு உயில் எழுதி வைத்துவிட்டு. "மக்களுக்குத்தானே எழுதினார்? அந்தப் பணத்தைப் புது விவசாயிகளுக்கு ஏர் கலப்பை வாங்கக் கொடுப்போம், அந்த ஊர்களை என்ன செய்வது என்பதையும் மக்களே முடிவு செய்யட்டும்" என்றார் டைபீரியஸ். நிலத்தைத் தொட்டதைவிட இது செனட்டுக்குப் பெரிய அடி. வெளிநாட்டு விவகாரமும் கஜானாவும் அவர்கள் கையில் இருந்தவை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நில கமிஷனில் மூன்று பேர்: டைபீரியஸ், மாமனார் அப்பியஸ், இருபது வயதைத் தாண்டியிருந்த தம்பி கேயஸ். நிலம் வாங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இனி யாருக்குக் கடமைப்பட்டிருக்கும்? செனட்டில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் போட்ட கணக்கு இதுதான் என்பது என் எண்ணம்.

வாசகர், ஈரோடு: சாவதற்கு முன் கெட்ட சகுனம் கண்டதாகச் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். சகுனம் பார்க்க வைத்திருந்த கோழிகள் அன்று காலை கூண்டைவிட்டு வரவில்லை, ஒன்று வந்தும் தீனியைத் தொடவில்லை. வாசற்படியில் கால் இடித்து விரல் நகம் கிழிந்து ரத்தம். கொஞ்சம் தள்ளிக் கூரையில் இரண்டு காக்கைகள் சண்டை போட்டு ஓர் ஓடு காலடியில் விழுந்தது. கூட வந்தவர்கள் தயங்கினார்கள். பிளாசியஸ் என்ற தத்துவ ஆசிரியர், "ஆப்பிரிக்கானஸின் பேரன் காக்கைக்குப் பயந்து வீட்டில் இருந்தான் என்று சொல்லவேண்டுமா?" என்று கேட்டு அழைத்துப் போய்விட்டார். கோழி சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

வாசகர், மதுரை: கொலை எப்படி நடந்தது? யார் பொறுப்பு?

பதவிக்காலம் முடிந்தால் எதிரிகள் வழக்குப் போட்டுத் தொலைத்துவிடுவார்கள் என்று தெரியும். அதனால் அடுத்த ஆண்டுக்கும் டிரிபியூனாக நின்றார். அடுத்தடுத்து நிற்பது வழக்கமில்லை. அறுவடைக் காலம் வேறு, அவருக்கு ஓட்டுப் போடும் நாட்டுப்புறத்து ஆட்கள் வயலில். நகரத்து ஜனத்தை நம்பி கேபிடல் குன்றின் மேல் கூட்டம் கூட்டினார்.

கூச்சலில் பேச்சு கேட்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்று தூரத்தில் இருப்பவர்களுக்குக் காட்டத் தலையில் கை வைத்தார். எதிரிகள் ஓடிப்போய்ச் செனட்டில், "கிரீடம் கேட்கிறான்!" என்றார்கள். நாசிகா எழுந்து, கான்சல் முசியஸ் ஸ்கேவோலாவைப் பார்த்து, கொடுங்கோலனை ஒழிக்கச் சொன்னார். ஸ்கேவோலா சட்டம் படித்த மனிதர், நில சட்டத்தை எழுத உதவியவரும்கூட. "விசாரணை இல்லாமல் எந்தக் குடிமகனையும் கொல்லமாட்டேன். மக்கள் சட்டவிரோதமாக ஏதாவது தீர்மானித்தால் அது செல்லாது என்பேன்" என்றார். அந்தக் கூட்டத்தில் புத்தியோடு பேசியது அவர் ஒருவர்தான். ஆனால் பேசியதோடு சரி, தடுக்க எழுந்திருக்கவில்லை.

நாசிகா ரோமின் தலைமைப் பூசாரி. அங்கியை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார். "குடியரசைக் காப்பாற்ற நினைப்பவர்கள் என் பின்னால் வாருங்கள்" என்று கிளம்பினார். செனட்டர்கள் இடது கையில் அங்கியைச் சுற்றிக்கொண்டு மலையேறினார்கள். பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று ஜனம் மரியாதையாக வழி விட்டது. அந்த நெரிசலில் உடைந்த பெஞ்சுகளின் கால்களை எடுத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்கள். டைபீரியஸ் ஓடினார். யாரோ அங்கியைப் பிடிக்க, அதை விட்டுவிட்டு உள்சட்டையோடு ஓடி, விழுந்துகிடந்தவர்கள் மேல் இடறி விழுந்தார். எழுந்திருக்கும்போது முதல் அடி தலையில். அடித்தவர் சக டிரிபியூன் புப்ளியஸ் சட்டுரியஸ், ஆயுதம் பெஞ்சுக் கால். முப்பது வயது நிறையவில்லை. கூட 300 பேருக்கு மேல் செத்தார்கள். எல்லாம் தடியாலும் கல்லாலும், ஒருவர் உடம்பிலும் இரும்பு படவில்லை. குடும்பத்தார் உடலைக் கேட்டும் கொடுக்காமல் ராத்திரியோடு ராத்திரியாக டைபர் ஆற்றில் வீசினார்கள்.

ஸ்பெயினில் இருந்த மச்சான் எமிலியானஸுக்குச் செய்தி போனது. "இப்படிச் செய்கிறவன் எவனும் இப்படியே ஒழியட்டும்" என்று ஹோமரின் ஒரு வரியைச் சொன்னாராம். நாசிகாவை ஜனம் தெருவில் பார்த்து "கொலைகாரா" என்று கத்தியது. தலைமைப் பூசாரி இத்தாலியைவிட்டு வெளியே போவது வழக்கமில்லை என்றாலும், செனட் அவரை ஏதோ வேலை சாக்கில் ஆசியாவுக்கு அனுப்பியது. அங்கே பெர்கமத்தில் செத்தார், எந்த ஊர்ப் பணத்தில் சண்டை முற்றியதோ அதே ஊரில்.

நில அளவைப் பயிற்சியில் இருக்கும் மாணவர், தஞ்சாவூர்: அவர் போன பிறகு சட்டம் என்ன ஆயிற்று?

தம்பி, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஆளைக் கொன்றார்கள், சட்டத்தைத் தொடவில்லை. இறந்தவரின் இடத்துக்கு கேயஸின் மாமனார் கிராசஸைப் போட்டு, கமிஷன் வேலை நடந்தது. அவர்கள் நட்ட எல்லைக்கற்கள் இத்தாலியின் தெற்குப் பக்கத்தில் பத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. உருளை வடிவக் கல், பக்கவாட்டில் மூன்று கமிஷனர்களின் பெயர், "நிலத்தைத் தீர்மானிக்கவும் ஒப்படைக்கவும் அமைந்த மூவர்" என்ற பதவி. தலையில், அளவுக் கோடு எந்தத் திசையில் போகிறது என்று கீறியிருக்கும். கல்லைப் பார்த்தே அடுத்த கல்லைத் தேடிப் போகலாம். நல்ல வேலைக்காரர்கள்.

அளக்க அவர்களிடம் குரோமா என்று ஒரு கருவி. ஒரு கம்பு, மேலே சிலுவை மாதிரி குறுக்குச் சட்டம், நான்கு முனையிலும் தூக்குக்குண்டு. எதிரெதிர்க் கயிறுகளை ஒரே கோட்டில் பார்த்து நேர்கோடும் செங்கோணமும் பிடிப்பார்கள். அதே வித்தையைத்தான் கிராஸ் ஸ்டாஃபில் நீங்கள் படித்திருப்பீர்கள். காற்று அடித்தால் குண்டு ஆடும், வேலை நின்றுபோகும். அது ஒன்றுதான் குறை.

அளப்பது சுலபம், எதை அளப்பது என்பதில்தான் கஷ்டம். நிலம் வைத்திருந்தவர்கள் கணக்குக் கொடுக்க மறுத்தார்கள். "தெரிந்தவர்கள் வந்து தகவல் சொல்லுங்கள்" என்று கமிஷன் அறிவிப்புச் செய்தது, வழக்குகள் குவிந்தன. பக்கத்தில் எப்போதோ விற்ற நிலம், கூட்டாளி ஊர்களுக்குக் கொடுத்த நிலம் எல்லாவற்றையும் எது அரசுடையது என்று பார்க்க மறுபடி அளக்க வேண்டியதாயிற்று. பத்திரம் எல்லாரிடமும் இல்லை, இருந்ததும் தெளிவாக இல்லை. திராட்சைத் தோட்டத்திலிருந்து ஒருவனைக் கிளப்பித் தரிசில் விட்டார்கள், உழுத நிலத்துக்காரனுக்குச் சதுப்பு கிடைத்தது. பாதிக்கப்பட்ட இத்தாலியக் கூட்டாளிகள் எமிலியானஸிடம் போனார்கள். கி.மு. 129-இல் அவர், தகராறைத் தீர்க்கும் அதிகாரத்தைக் கமிஷனிடமிருந்து பிடுங்கி ஒரு கான்சலிடம் கொடுக்க வைத்தார். அந்தக் கான்சல் கோப்பின் கனத்தைப் பார்த்துவிட்டு, போர் என்று சொல்லி, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த இல்லிரியா பகுதிக்குப் போய்விட்டார். வேலை படுத்தது. எமிலியானஸும் அதே ஆண்டு ஒரு நாள் காலை படுக்கையில் பிணமாகக் கிடந்தார், யார் மேலும் வழக்கில்லை.

தெற்கே போல்லா என்ற ஊரில் அந்தக் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பொறித்தவர் பெயர் அதில் இல்லை. சாலை போட்டேன், சிசிலியில் ஓடிப்போன அடிமைகள் 917 பேரைப் பிடித்து எஜமானர்களிடம் ஒப்படைத்தேன், அரசு நிலத்தில் மேய்ப்பவர்களை நகர்த்தி உழுபவர்களுக்கு இடம் கொடுத்த முதல் ஆள் நான், என்று பெருமை அடித்துக்கொள்கிறது. டைபீரியஸ் பெயரைச் சொல்லாமலே அவர் வேலைக்கு உரிமை கொண்டாட ஆள் வந்துவிட்டது.

வாசகர், கோவை: தம்பி கேயஸ் அண்ணனைவிடக் கெட்டிக்காரர் என்கிறார்களே?

நிச்சயமாக. கி.மு. 123, 122 இரண்டு ஆண்டும் டிரிபியூன். அண்ணன் நிலத்தை மட்டும் பிடித்தார், தம்பி எல்லாரையும் பிடித்தார். நகரத்து ஏழைக்கு நிர்ணய விலையில் தானியம். சிப்பாய்க்கு அரசு செலவில் உடுப்பு, 17 வயதுக்குக் குறைந்தவனைப் படையில் சேர்க்கக் கூடாது. மைலுக்கு ஒரு கல் நட்ட சாலைகள். லஞ்ச வழக்கு நடுவர் பதவியைச் செனட்டர்களிடமிருந்து எடுத்து வியாபாரப் பணக்காரர்களிடம் கொடுத்து, மேல்தட்டையே இரண்டாகப் பிளந்தார். மேடையில் ஆவேசம் வந்தால் குரல் கட்டுக்கடங்காது. பின்னால் ஓர் அடிமையைக் குழலோடு நிறுத்தியிருப்பார். சுருதி ஏறினால் அவன் மெல்ல ஊதுவான், இவர் இறங்கிவிடுவார்.

இவரைச் சாய்க்கச் செனட் எடுத்த வழியைப் பாருங்கள். லிவியஸ் டுரூசஸ் என்ற டிரிபியூனைப் பிடித்து, கேயஸைவிட அதிகமாக அள்ளிவிடச் சொன்னது. பன்னிரண்டு குடியேற்றங்கள், ஒவ்வொன்றிலும் 3,000 பேர். நிலத்துக்கு வாடகையும் வேண்டாம். அண்ணன் வாடகையோடு கொடுத்த நிலத்துக்கு "கஜானா போச்சு, குடியரசு போச்சு" என்று அழுதவர்கள், இதற்குக் கைதட்டினார்கள். டுரூசஸ் ஒவ்வொரு தடவையும், "இது செனட்டின் கருணை" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். நிலம் போவதில் அவர்களுக்கு அவ்வளவு வலி இல்லை, புண்ணியம் யார் கணக்கில் ஏறுகிறது என்பதில்தான் வலி.

கி.மு. 121-இல் கேயஸ் கதையும் முடிந்தது. இந்தத் தடவை பெஞ்சுக் கால் இல்லை. கான்சல் ஒபிமியஸ் கிரீட் தீவு வில்லாளிகளைக் கொண்டுவந்தார். தலையைக் கொண்டுவந்தால் எடைக்கு எடை தங்கம் என்று அறிவிப்பு. செப்டிமுலியஸ் என்பவர் கொண்டுவந்த தலை பதினேழரை ராத்தலுக்கு மேல் நிறுத்தது. மூளையை எடுத்துவிட்டு ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்தார். ஏறக்குறைய 3,000 பேர் செத்தார்கள். அதை முடித்துவிட்டு ஒபிமியஸ், ஒற்றுமை தேவிக்குக் கோயிலைப் புதுப்பித்துக் கட்டினார். ராத்திரியில் யாரோ கல்வெட்டுக்குக் கீழே, "வேற்றுமையின் வெறி கட்டிய ஒற்றுமைக் கோயில்" என்கிற பொருளில் கிறுக்கிவிட்டுப் போனார்கள்.

இல்லத்தரசி, திருச்சி: "என் பிள்ளைகளே என் நகைகள்" என்று சொன்ன தாய் இவர்கள் அம்மாதானா?

அவரேதான். நகையைக் காட்டிப் பெருமை பேச வந்த ஒரு பெண்மணியை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை பேச்சுக்கொடுத்து உட்காரவைத்து, அப்புறம் அதைச் சொன்னாராம். பெற்றது பன்னிரண்டு, பிழைத்தது மூன்று. கணவர் போன பிறகு எகிப்து அரசர் தாலமி பெண் கேட்டும் மறுத்துவிட்டார் என்பார்கள். "எவ்வளவு நாள் நான் சிப்பியோவின் மாமியார் என்றே இருப்பது? கிராக்கஸ்களின் தாய் என்று எப்போது சொல்லப்போகிறார்கள்?" என்று பிள்ளைகளைத் தூண்டிவிட்டவரும் அவர்தான் என்று ஒரு பேச்சு உண்டு. தூண்டாமலும் இருந்திருக்கலாம். பையன்கள் பெரிதாக ஏதாவது செய்துவிட்டால் அம்மாவைக் காரணம் சொல்வது அங்கேயும் உண்டு.

இரண்டு பேரும் போன பிறகு மிசேனம் கடற்கரை வீட்டில் இருந்தார். கிரேக்க அறிஞர்கள் வந்துபோவார்கள், அரசர்கள் அன்பளிப்பு அனுப்புவார்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் கண்ணீர் விடாமல், பழைய காலத்து மனிதர்களைப் பற்றிச் சொல்வது மாதிரி சொல்வார். வயதாகிப் புத்தி மழுங்கிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். பிற்பாடு அவருக்கு ரோமில் சிலை வைத்தார்கள். சிலை போய்விட்டது. பீடம் 1878-இல் கிடைத்தது, இப்போது கேபிடல் குன்றின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்கானஸின் மகள் கொர்னேலியா, கிராக்கஸ்களின் தாய் என்று அதில் இருக்கிறது. இரண்டு தடவை கான்சலாக இருந்த கணவரின் பெயரைக் காணோம்.